நீர் நடந்த வழியில் ஒரு நாள்

அம்பத்தூர் வட்டாரத்தில் உள்ள ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். குடியிருப்பது மேனாம்பேட்டில். 2024 ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், ஆறாம் வகுப்புக்குப் பேரிடர் பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தேன். மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. எங்கள் மாணவர்களில் பலருடைய வீடுகளில் சுவரின் ஈரம் அப்போதும் காயவில்லை. பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது என்று நினைத்தேன்.

கரும்பலகையில் ஓர் ஏரியை வரைந்து நீலச் சுண்ணக்கட்டியால் நிரப்பினேன். பக்கத்தில் சில வீடுகள். "ஏரியையும் கால்வாயையும் ஆக்கிரமித்து வீடு கட்டியதால்தான் வெள்ளம் வருகிறது" என்று எழுதி, அதைக் குறிப்பேட்டில் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். எல்லோரும் எழுதினார்கள். மூன்றாம் வரிசையில் ஒரு சிறுமி மட்டும் எழுதவில்லை. கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் இடைவேளையில் அவளே என்னிடம் வந்தாள்.

"டீச்சர், எங்க வீட்டுக்குள்ள வந்த தண்ணி எங்கேருந்து வந்துச்சு? அது எங்க போகணும்?"

ஏரியிலிருந்து வந்தது, கடலுக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கேட்டது அது இல்லை. எந்த ஏரி, எந்தத் தெரு வழியாக, எந்தப் பக்கமாக என்று கேட்டாள். மேனாம்பேட்டில் பதினான்கு ஆண்டுகளாகக் குடியிருக்கும் எனக்கு அது தெரியவில்லை. அன்று மாலை ஆசிரியர் அறையில் இதைச் சொன்னேன். கணக்கு டீச்சர் சட்டென்று, "தெரியலைன்னா நடந்து பார்த்துட வேண்டியதுதானே?" என்றார்.

அப்படித் தொடங்கியதுதான் இந்த நடை.

நடப்பதும் ஒரு பாடமுறைதான்

நாங்கள் நான்கு பேர்: கணக்கு டீச்சர், தமிழாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், நான். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக் குறித்துக்கொண்டோம். அம்பத்தூர் ஏரியில் தொடங்கி, அதன் உபரிநீர் போகும் திசையிலேயே நடந்து கொரட்டூர் ஏரி, அங்கிருந்து ரெட்டேரி என்பது திட்டம். இந்த மூன்றும் ஒன்றன் உபரியை அடுத்தது வாங்கிக்கொள்ளும் சங்கிலித்தொடர் ஏரிகள். முதல் ஏரி நிரம்பி வழிந்தால் இரண்டாவதற்கு, அது நிரம்பினால் மூன்றாவதற்கு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரிகளின் மாவட்டம் என்றே சொல்வார்கள். நாம் இன்று மேற்குச் சென்னைப் புறநகர் என்று சொல்லும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அந்த மாவட்டத்தின் நிலந்தான்.

ஒரு நாள் முழுக்க நடப்பது பொழுதுபோக்கு என்று நினைக்கலாம். ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் குழந்தைகளை ஒரு நாள் வெளியே அழைத்துச் செல்லும் வழக்கம் உண்டு. அதற்கு அவர்கள் மொழியில் 'என்சோகு' என்று பெயர். அந்தச் சொல்லை எழுதும் இரண்டு எழுத்துகளின் பொருள் 'தூரம்', 'கால்'. கட்டுசாதத்தோடு நடந்து போய் ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்புவது அங்கே பள்ளி வாழ்க்கையின் ஒரு பகுதி.

நம் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே 100 அடி நீள எஃகுச் சங்கிலியைத் தரையில் கிடத்தி, ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளந்தார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவீட்டுக்கு அந்தக் கோடே அடித்தளமாயிற்று. இன்று கைப்பேசியில் விரலால் நகர்த்திப் பார்க்கும் வரைபடத்துக்குப் பின்னால், சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்த கால்கள் இருக்கின்றன. குழந்தைகளுக்கு அளவை என்ற கருத்தை அறிமுகம் செய்ய இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

சங்கிலிக்குப் பதிலாக எங்களிடம் 10 மீட்டர் நைலான் கயிறு ஒன்று இருந்தது. மீட்டருக்கு ஒரு முடிச்சு. அதோடு குறிப்பேடு, தொப்பி, தண்ணீர், நான்கு பொட்டலம் புளிசாதம்.

ஏரிக்கரையில் காலை

காலை ஆறு மணிக்கு அம்பத்தூர் ஏரிக்கரையில் கூடினோம். பனி விலகாத நேரம். நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. கரையோரம் ஆகாயத்தாமரை அடர்ந்து கிடந்தது.

தமிழாசிரியர் விழுப்புரம் பக்கத்தில் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர். கரையில் நின்றபடியே பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார். ஏரி என்பது தோண்டிய குழி அல்ல. நிலம் சரிந்து வரும் இடத்தில், தாழ்ந்த பக்கத்தில் மட்டும் கரை போட்டு, வருகிற மழைநீரை மறித்து நிறுத்துவதுதான் ஏரி. மற்ற பக்கங்களில் நிலமே மெல்ல மேடேறிப் போகும். அதனால்தான் ஏரிக்கரை வட்டமாக இல்லாமல் வில்போல் வளைந்திருக்கிறது. கரும்பலகையில் நான் வரைந்தது நான்கு பக்கமும் கரை கட்டிய ஏரி! அது குளம் ஆகலாம், நம் ஊர் ஏரி ஆகாது. என் முதல் தவறு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

ஏரியின் உறுப்புகளை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். மேட்டு நிலத்தில் விழும் மழையை ஏரிக்குக் கொண்டுவருவது வரத்துக் கால்வாய். கரையின் அடியில் திறந்து மூடும் வாயில் மதகு. அதன் வழியாக நீர் பெறும் வயல்கள் ஆயக்கட்டு. ஏரி நிரம்பியதும் கரை உடையாமல் உபரி தானே வழிந்து போகும்படி கட்டிய இடம் எங்கள் பக்கத்தில் கலங்கல். தெற்கே போனால் கலுங்கு, மறுகால் என்பார்கள். கலங்கலிலிருந்து அடுத்த ஏரிக்குப் போவது உபரிநீர்க் கால்வாய்.

"மதகும் கலங்கலும் ஒண்ணுதான்னு நான் இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன் சார்" என்றார் கணக்கு டீச்சர். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இரண்டும் வேறு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

மேனாம்பேட்டில் ஒரு தேநீர்

அங்கிருந்து கிழக்கு நோக்கி நடந்தோம். ஏரிக்கரையில் நடப்பது எளிது. ஊருக்குள் கால்வாயைத் தொடர்வதுதான் கடினம். ஓரிடத்தில் கால்வாய் திறந்து ஓடுகிறது, இன்னோர் இடத்தில் சிமென்ட் பலகைக்கு அடியில் மறைந்துவிடுகிறது. மூன்று முறை அதைத் தவறவிட்டோம். ஒவ்வொரு முறையும் தெருவில் யாரையாவது கேட்டுத்தான் கண்டுபிடித்தோம். "கால்வாய் எங்கே?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இல்லை. "மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கமாகப் போகும்?" என்று கேட்டால் எல்லோருடைய கையும் ஒரே திசையைக் காட்டியது.

இயன்ற இடங்களில் கயிற்றைப் பிடித்து அகலம் அளந்தோம். ஓரிடத்தில் எட்டு முடிச்சு வந்தது. சற்றுத் தள்ளி அதே கால்வாயில் மூன்று முடிச்சுக்கும் குறைவு. எட்டு மீட்டர் அகலத்தில் வரும் நீர் மூன்று மீட்டரில் நுழைய வேண்டுமென்றால் என்ன ஆகும்? கணக்கு டீச்சர் குறிப்பேட்டில் எண்ணை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

ஒன்பது மணிக்கு மேனாம்பேட்டுக்கு வந்துவிட்டோம். தேநீர்க் கடை வாசலில் கீரைக்கட்டு விற்றுக்கொண்டிருந்த ஆயாவை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். எழுபதைத் தாண்டியவர். அவரிடம் கீரை வாங்கியிருக்கிறேனே தவிர, ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றுதான் கேட்டேன்.

"இந்த ரோடு ஏதும்மா அப்போ? இப்படிக்கா வரப்பு, அப்படிக்கா வாய்க்கா. அவ்ளோதான். எங்க மாமனாரு மதகு தொறக்கறவரு. எந்தக் கழனிக்கு எவ்ளோ நேரம் தண்ணி வுடணும்னு அவருதான் சொல்லணும்."

"மழை அதிகமா வந்தா என்ன ஆயா பண்ணுவீங்க?"

"அதுக்குத்தான் கலங்கல் கீதே. மதகுத் தண்ணி நாம கூப்புட்டா வரும். கலங்கல் தண்ணி கூப்புடாமலே வரும். அது போற வழியில ஒருத்தரும் நாத்துகூட நடமாட்டாங்க."

தமிழாசிரியர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டார்.

அம்பத்தூரின் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தபோது ஆயா சொன்னது தெளிவாகியது. 1949இல் இங்கே டிஐ சைக்கிள்ஸ் தொழிற்சாலை வந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. வேலை தேடிப் பல மாவட்டங்களிலிருந்து மக்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு வீடு வேண்டும். கழனிகள் மனைகளாயின. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. இதில் எந்தப் படியும் ஒருவர் இரவோடு இரவாகச் செய்த குற்றம் அல்ல. எங்கள் மாணவர்களின் தாத்தாக்களும் அப்பாக்களும் அந்த வேலைக்கு வந்தவர்கள்தான்.

கழனி போனபோது மதகு வாய்க்காலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அது தூர்ந்ததில் வியப்பில்லை. ஆனால் கலங்கல் வாய்க்காலின் வேலை ஒருநாளும் முடியவில்லை. பயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மழை பெய்யும், ஏரி நிரம்பும், உபரி வழியும். பயன் தீர்ந்த வாய்க்காலையும் பயன் தீராத வாய்க்காலையும் ஒரே பொருளாகப் பார்க்கத் தொடங்கியதுதான் எங்கள் ஊருக்கு நேர்ந்த பிழை. ஆயாவின் தலைமுறைக்குத் தெரிந்த வேறுபாடு, படித்த என் தலைமுறைக்குத் தெரியாமல் போய்விட்டது.

கால்வாய் ஓரத்து வீடு

பத்து மணிவாக்கில் ஒரு குறுகிய தெருவில் கால்வாயைத் தேடி நின்றபோது, "டீச்சர்!" என்று குரல் கேட்டது. கேள்வி கேட்ட அதே சிறுமி. ஆசிரியர்கள் நான்கு பேர் கயிறும் கையுமாகத் தன் தெருவில் நிற்பதைப் பார்த்து அவளுக்கு ஒரே சிரிப்பு. ஓடிப்போய் அம்மாவை அழைத்துவந்தாள்.

வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டித்தான் கால்வாய் போகிறது. உள்ளே அழைத்து உட்காரவைத்தார்கள். சுவரில் என் இடுப்பு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. டிசம்பர் நீர் நின்ற மட்டம் அது. கோட்டுக்குக் கீழே சுண்ணாம்பு உரிந்திருந்தது. மேலே, ஆணியில், அவளுடைய புத்தகப் பை தொங்கியது. எல்லாப் பொருளையும் விட்டுவிட்டு அதைத்தான் முதலில் தூக்கி மாட்டினாளாம்.

அவள் அம்மா மோர் கொடுத்தார். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாப்பா வந்து சொல்லுச்சு டீச்சர், கால்வாய் ஓரமா வீடு கட்டினவங்களாலதான் வெள்ளம் வருதுன்னு பாடத்துல இருக்குன்னு. எங்ககிட்ட பத்திரம் இருக்கு. நகையை வித்து வாங்கின மனை. வாங்கறப்போ இது தண்ணி போற வழின்னு ஒருத்தரும் சொல்லலை."

என்ன பதில் சொல்வது? நான் எழுதிப்போட்ட வாக்கியம் முழுப் பொய் அல்ல. நீர்வழியை மறிப்பது ஆபத்து என்பது உண்மைதான். ஆனால் அந்த வாக்கியம் வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டது. வெள்ளத்தில் புத்தகப் பையைக் காப்பாற்றிய குழந்தைக்கு, "வெள்ளத்துக்குக் காரணம் உன் வீடு" என்று எழுதவைக்கப் பார்த்தேன். அவள் எழுத மறுத்தது சரி.

"பாடத்தைச் சரியா சொல்லிக்கொடுக்கத்தான்மா நடந்து பார்க்கிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

கொரட்டூர் கரையும் ரெட்டேரியும்

வெயில் ஏறியபோது கொரட்டூர் ஏரிக்கரைக்கு வந்தோம். அவ்வளவு நெருக்கமான தெருக்களுக்குப் பிறகு கண்ணெதிரே விரிந்த நீர்ப்பரப்பைப் பார்த்ததும் நான்கு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. தொலைவில் கூழைக்கடாக்கள் மிதந்தன. நாமக்கோழிகள் கூட்டமாக மேய்ந்தன. அந்தப் பக்கம் மின்சார ரயில் போகும் ஓசை கேட்டது. வேப்பமர நிழலில் புளிசாதத்தைப் பிரித்தோம். சாப்பிட்ட இலையையும் தாளையும் பையிலேயே போட்டுக்கொண்டோம்.

பிற்பகல் நடைதான் சோதனை. உடற்கல்வி ஆசிரியருக்கே குதிகாலில் கொப்புளம். புதுச் செருப்போடு வந்ததை நாள் முழுக்கச் சொல்லிக் கேலி செய்தோம். மாலை ஐந்து மணிக்கு ரெட்டேரி. 'இரட்டை ஏரி' என்பதுதான் பேச்சு வழக்கில் ரெட்டேரி ஆனது. சாலையின் இரைச்சலுக்கு நடுவே நீர் அமைதியாகக் கிடந்தது. இங்கிருந்து கால்வாய்கள் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், பிறகு கடலுக்கும் போக வேண்டும். அது இன்னொரு நாள் நடை.

உடற்கல்வி ஆசிரியரின் கைப்பேசி அன்று 22,000 காலடிகளைக் காட்டியது. கயிற்றை வைத்து அளந்ததில் அவருடைய பத்துக் காலடி 7 மீட்டர். அப்படியானால் 15.4 கிலோமீட்டர். வழி தவறியதும் திரும்பி வந்ததும் சேர்த்துத்தான். பேருந்தில் திரும்பும்போது, சிறுமியின் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. எந்த ஏரி, எந்தத் தெரு, எந்தப் பக்கம் என்று கையைக் காட்டிச் சொல்லும் பதில்.

நடையிலிருந்து வகுப்பறைக்கு

அடுத்த இரண்டு வாரங்களில் ஆறு பாடவேளைகளை இதற்காக ஒதுக்கினோம். மூன்று பாட ஆசிரியர்களும் பகிர்ந்துகொண்டதால் எவருடைய பாடமும் பின்தங்கவில்லை. எந்த ஊரிலும் செய்யக்கூடியவை என்பதால் செயல்பாடுகளை வரிசையாகத் தருகிறேன்.

1. காலடி அளவுகோல். விளையாட்டுத் திடலில் 10 மீட்டர் கயிற்றை நீட்டி, அதைக் கடக்க எத்தனை காலடி என்று ஒவ்வொரு மாணவரும் எண்ண வேண்டும். 10ஐ அந்த எண்ணால் வகுத்தால் அவரவர் காலடியின் நீளம். பிறகு வீட்டிலிருந்து பள்ளிவரை காலடிகளை எண்ணிவந்து தூரத்தைக் கணக்கிடலாம். தசம வகுத்தலைக் கண்டு பயந்த மாணவர்கள் தங்கள் கால் கணக்கு என்றதும் ஆர்வத்தோடு போட்டார்கள்.

2. நீர்மட்டக் குழாய். பள்ளி வளாகத்தில் எந்தப் பக்கம் சரிவு? கண்ணுக்குத் தெரியாது. எங்கள் வகுப்பில் இரண்டு மாணவர்களின் அப்பாக்கள் கொத்தனார்கள். கட்டட வேலையில் டியூப் லெவல் என்று சொல்லும் ஒளி ஊடுருவும் குழாயை அவர்கள் கொண்டுவந்தார்கள். குழாயில் குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, இரண்டு முனைகளையும் இரண்டு இடங்களில் பிடித்தால் இரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து தரை எவ்வளவு கீழே என்று அளந்தால், எந்த இடத்தில் அளவு அதிகமோ அதுவே தாழ்ந்த இடம். பாடத்தில் எப்போதும் பின்வரிசையில் இருக்கும் அந்த இருவரும் அன்று எங்களுக்கே ஆசிரியர்கள்.

3. ஒரு கிரவுண்டு மழை. எங்கள் பகுதியில் மனையைக் கிரவுண்டில்தான் சொல்வார்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். அதன்மேல் 10 செ.மீ. மழை பெய்தால் 223 × 0.1 = 22.3 கன மீட்டர். லிட்டரில் 22,300. தெருவுக்கு வரும் 9,000 லிட்டர் தண்ணீர் லாரி எல்லோருக்கும் தெரியும். ஒரு மனைக்கு ஏறக்குறைய இரண்டரை லாரி. நாற்பது மனை உள்ள தெரு என்றால்? "நூறு லாரி!" என்று வகுப்பே கத்தியது. கழனியாக இருந்தபோது வரப்பு அந்த நீரைத் தாங்கி நின்றது, மண் குடித்தது. இப்போது சிமென்ட் தரை. அந்த நூறு லாரி நீரும் போக வழி வேண்டும். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 செ.மீ. அளவுக்கு மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில். நான் சொல்லாமலே, பருவமழைக்கு முன் கால்வாயை ஏன் தூர்வார வேண்டும் என்பதை மாணவர்கள் சொன்னார்கள்.

4. பெரியவர்களிடம் கேட்போம். "நீங்கள் இந்த ஊருக்கு வந்தபோது நம் தெரு எப்படி இருந்தது? மழைநீர் எந்தப் பக்கம் போகும்?" இந்த இரண்டு கேள்விகள் மட்டும். மதகு, கலங்கல், கழனி, வரப்பு, தாங்கல், மடை என நாற்பதுக்கும் மேற்பட்ட சொற்கள் சேர்ந்தன. சிறிய ஏரியைத் தாங்கல் என்பார்கள் என்று அறிந்ததும், பெயரில் தாங்கல் என்று முடியும் ஊர்களை வரைபடத்தில் தேடத் தொடங்கினார்கள். தமிழாசிரியர் அவற்றை வகுப்பு அகராதியாகத் தொகுத்திருக்கிறார். கீரை விற்கும் ஆயா ஒரு நாள் பள்ளிக்கே வந்து பேசினார்.

5. முதலில் நீர், பிறகு வீடு. வரைபடம் வரையும்போது வழக்கமாகப் பள்ளி, வீடு, கடை என்று தொடங்குவோம். இந்த முறை மேடு, பள்ளம், நீர் போகும் வழி ஆகியவற்றை முதலில் வரையச் சொன்னோம். அதன்மேல் தெருக்களையும் வீடுகளையும் சேர்த்தோம். வரிசையை மாற்றியதும் பார்வையே மாறிவிட்டது.

பாதுகாப்பு முதலில்

ஆசிரியர்கள் நடந்த 15 கிலோமீட்டரும் ஆசிரியர்களுக்கானது. மாணவர்களை அதில் பத்தில் ஒரு பங்கு தூரம் மட்டுமே அழைத்துச் சென்றோம். தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் எழுத்து ஒப்புதல், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் இருவரின் துணை, முதலுதவிப் பெட்டி ஆகியவை இல்லாமல் புறப்படவில்லை. மழை நாட்களில் இந்த நடை கூடவே கூடாது. ஏரியிலோ கால்வாயிலோ இறங்கவும் ஓரத்துக்குப் போகவும் அனுமதியில்லை. பலகை மூடிய கால்வாயின்மேல் நடக்க விடவில்லை. ஆசிரியர்கள் ஒருமுறை முன்கூட்டியே நடந்து பார்த்த வழியில் மட்டுமே மாணவர்களை அழைத்துச் செல்ல வேண்டும் என்பது எங்கள் அனுபவம்.

மாணவர்களின் வீடுகள் அந்த வழியில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். எவருடைய வீட்டையும் சுட்டிக்காட்டிப் பேசக்கூடாது என்று புறப்படும் முன்பே எங்களுக்குள் முடிவு செய்துகொண்டோம். கீழே விழுந்தால் போடும் மருந்து முதலுதவிப் பெட்டியில் இருக்கிறது. சொல்லால் பட்ட காயத்துக்கு அதில் மருந்து இல்லை.

திருத்தி எழுதிய வாக்கியம்

செயல்பாடுகளுக்குப் பிறகு மீண்டும் அதே பாடத்துக்கு வந்தேன். "நான் முன்பு எழுதிப்போட்ட ஒரு வாக்கியத்தைத் திருத்த வேண்டும்" என்றேன். பழைய வாக்கியத்தை எழுதி, அதன்மேல் கோடு போட்டேன். ஆசிரியர் தன் தவறுக்குத் தானே கோடு போடுவதை மாணவர்கள் ஆச்சரியத்தோடு பார்த்தார்கள். "டீச்சர், ரெட் இங்க்லதானே அடிக்கணும்?" என்றான் ஒருவன். சிவப்புச் சுண்ணக்கட்டி எடுத்துவந்து அடித்தேன்.

அந்த இடத்தில் மூன்று கேள்விகளை எழுதினோம். நம் தெருவில் பெய்யும் மழை எந்த வழியாகப் போக வேண்டும்? இப்போது அது எங்கே தடைபடுகிறது? தடையை நீக்க நாம் செய்யக்கூடியது எது, மற்றவர்களிடம் கேட்க வேண்டியது எது? மதிப்பீட்டுக்கும் இவையே வினாக்கள். யார் தவறு செய்தார்கள் என்ற கேள்வியை அகற்றியதும், கால்வாய் ஓரத்துக் குழந்தைகள்தான் அதிகம் பேசினார்கள். நீர் முதலில் எங்கே ஏறும், எந்தப் பலகைக்கு அடியில் குப்பை அடைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாவது கேள்வியிலிருந்து தமிழ்ப் பாடத்தின் கடிதப் பயிற்சி பிறந்தது. பருவமழைக்கு முன் கால்வாயைத் தூர்வாரும்படி மாமன்ற உறுப்பினருக்கு மாணவர்கள் விண்ணப்பம் எழுதினார்கள். எந்தெந்த இடத்தில் அடைப்பு, ஒவ்வொன்றும் பள்ளியிலிருந்து எத்தனை மீட்டர் என்று அவர்களே அளந்த எண்களைச் சேர்த்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்துள்ள நகல் வகுப்புச் சுவரில் இருக்கிறது. ஒரு விண்ணப்பத்தால் கால்வாய் எட்டு மீட்டராக விரிந்துவிடாது. ஆனால் தெருவில் குப்பையைக் கால்வாயில் கொட்ட வருகிறவர்களிடம், "இது கலங்கல் தண்ணி போற வழிங்க" என்று சொல்லும் முப்பது பிள்ளைகள் இப்போது எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

வரைபடங்களைத் திருத்தும்போது அந்தச் சிறுமியின் தாளை எடுத்தேன். மேற்கே ஓர் ஏரி, வில்போன்ற கரையோடு. கிழக்கே இன்னோர் ஏரி. நடுவில் நீலக்கோடு, அம்புக்குறியோடு. கோட்டை ஒட்டி ஒரு சிறிய வீடு. வீட்டுக்குப் பக்கத்தில் 'எங்க வீடு' என்றும், நீலக்கோட்டுக்கு மேலே 'தண்ணி வழி' என்றும் எழுதியிருந்தாள். இரண்டையும் மறைக்காமல் வரைந்திருந்தாள்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பள்ளிக்கு அருகிலும் ஓர் ஏரியோ குளமோ ஊருணியோ இருக்கும். அதற்கு நீர் வரும் வழியும் அது வழிந்து போகும் வழியும் இருக்கும். அந்தப் பாடத்தை நடத்தும் முன், ஒரு விடுமுறை நாளில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அந்த வழியில் நடந்து பாருங்கள். பழைய செருப்போடு போங்கள்.